ஒழிப்போம், ஒளிப்போம்

எங்கள் ஊரில் டாக்டருக்குப் பஞ்சம் இருக்கலாம், வைத்தியம் சொல்கிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. என் மகளுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த வருஷம் கடலூரே திரண்டு வந்து எனக்கு வைத்தியம் சொன்னது. நாக்கில் வசம்பை உரசித் தடவச் சொன்னார்கள். திருவதிகை கோயிலில் விளக்கேற்றச் சொன்னார்கள். நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் என்று சொன்னதற்கு எதிர்வீட்டு அம்மாள் கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப மெழுகுவத்தியா ஏத்துங்க" என்றாள். எங்கள் பங்குக் கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரிய மனிதர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "மாசமா இருக்கச்ச டிவி ஜாஸ்தி பாத்தியாம்மா?" என்று கேட்டார். தவிர, எல்லோருக்கும் ஒரு பெரியப்பா இருந்தார். அந்தப் பெரியப்பா ஏழு வயது வரை வாயே திறக்காமல் இருந்து, பிறகு தாசில்தார் ஆனவர். இத்தனை தாசில்தார்களுக்கு ஒரே மாவட்டத்தில் எப்படி நாற்காலி கிடைத்தது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

எந்தப் பேச்சானாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். "சரியாயிடும்." நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். எழுவாய் இல்லாமல் வாக்கியம் வரும், அதில் தப்பில்லை. ஆனால் எது சரியாகும், யார் சரியாக வேண்டும் என்று கேட்டால் ஒருவரும் பதில் சொன்னதில்லை. சொல்லிவிட்டு நிம்மதியாகக் காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

என் மகள் பசி என்று கேட்க மாட்டாள். தலைவலி என்றால் சொல்லத் தெரியாது. ஆனால் எழுத்து எங்கே இருந்தாலும் வாசித்துவிடுவாள், அதுவும் ஊருக்கே கேட்கும்படி. பூசை நடுவில் பெஞ்சில் எழுதியிருக்கிற உபயதாரர் பெயரை வாசிப்பாள். சனிக்கிழமைதோறும் அவளைப் பேச்சுப் பயிற்சிக்காகச் சிதம்பரம் கூட்டிப்போவேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று பஸ் போகப் போக, உரக்கடை, பிரியாணிக் கடை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என ஒன்று விடாமல் வாசித்துக்கொண்டே வருவாள். யாரோ முன்பின் தெரியாதவருடைய தோற்றமும் மறைவும் பஸ் முழுக்க ஒலிக்கும். ஜனங்கள் திரும்பி அவளைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள்.

பயிற்சி கொடுத்தது சிதம்பரம் அண்ணாமலை நகரில் சின்ன கிளினிக் வைத்திருந்த ஒரு இளம்பெண். அவள் என் மகளுக்கு ழகரம் வரவைக்க மாதக்கணக்கில் மல்லுக்கட்டினாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. எங்கள் பக்கத்தில் மளை பெய்யும், வாளப்பளம் பளுக்கும், யாருக்கும் குறைச்சல் இல்லை. நானே வகுப்பில் ழகரம், வீட்டில் ளகரம். ஆனால் அந்தப் பெண் விடவில்லை. கண்ணாடி முன்னால் உட்காரவைத்து நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று காட்டிக் காட்டி, தப்பாக வந்தால், "ள இல்ல, ழ" என்று சொல்லிச் சொல்லி, ஒரு நாள் கொண்டுவந்துவிட்டாள். மழை என்று என் மகள் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மாவட்டத்திலேயே ஒழுங்காகத் தமிழ் பேசுகிற ஆள் என் வீட்டில் இருந்தாள்.

அந்த கிளினிக் வாசலில்தான் பரங்கிப்பேட்டைக்காரி பழக்கமானாள். என்னைவிடச் சின்னவள். வீட்டுக்காரர் சவுதியில். அவளுடைய மகன் எதையும் வாயில் போட்டுப் பார்த்துவிடுகிற ரகம். அவளும் நானும், அதே கிளினிக்குக்கு வருகிற இன்னும் சில தாய்மார்களும் சேர்ந்து கடலூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட ஆரம்பித்தோம். பெரிய சேவை ஒன்றும் இல்லை. பிள்ளைகள் தண்ணீரை ஊற்றி விளையாடும். ஒருவன் சுற்றிக்கொண்டே இருப்பான். நாங்கள் டீ போட்டுக் குடிப்போம். அந்தக் கொஞ்ச நேரம் எவரிடமும் "சாரிங்க, பையனுக்குத் தெரியாது" என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்காகவே அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி அவ்வளவு தூரம் வருவாள்.

இடம்தான் நிலைக்கவில்லை. முதலில் என் வீட்டில் கூடினோம், மாடியில் குடியிருக்கும் ஹவுஸ் ஓனருக்குப் பிள்ளைகள் போடும் சத்தத்தில் பிரஷர் ஏறியது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். சுண்டல் வாங்க வந்தவர்கள் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு எங்கள் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு நடக்கும் அறையை ஃபாதர் கொடுத்தார். நன்றாகத்தான் போனது. அந்தக் கட்டடத்தையே இடிக்க வேண்டி வந்தபோது அவரும்தான் என்ன செய்வார். அதன் பிறகு கூடுவது நின்றுபோனது. என் மகளுக்கு அது புரியவில்லை. ஞாயிறு நாலு மணியானால் செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே போய் நிற்பாள். உட்கார மாட்டாள், பிஸ்கட் கொடுத்தாலும் வாங்க மாட்டாள். இருட்டுகிற வரை நிற்பாள். எனக்கு அந்த அறை எவ்வளவு வேண்டியிருந்தது என்று இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் தலைவர் வந்தார். ஊரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருப்பவர், ஒரு சேவைச் சங்கத்துக்கும் தலைவர். சங்கம் என்றால் வருஷத்துக்கு ஒரு கண் சிகிச்சை முகாம், ஒரு தையல் மெஷின், ஒரு மரக்கன்று. மரக்கன்றை வருஷாவருஷம் அதே குழியில்தான் நடுவார்கள். சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு அறை சும்மா கிடப்பதாகவும் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். எனக்குக் கைகூப்பத் தோன்றியது, கூப்பினேன். அதற்குப் பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். ஒரு விழிப்புணர்வுப் பேரணி, ஒரு விழா. பிள்ளைகள் மேடை ஏற வேண்டும். "சாவிய மேடையில வச்சுக் குடுத்தாத்தாம்மா நல்லாருக்கும்."

"மேளம் வேணாம் சார், பிள்ளைங்க தாங்காது. மைக்க கொறச்சு வைங்க. பொன்னாடையும் வேணாம், மேல பட்டா அலறும்" என்றேன்.

"கவலையே படாதீங்கம்மா. எல்லாம் சிம்பிள்."

சிம்பிள் என்பதற்கு அவருடைய அகராதியில் செண்டை மேளம் என்று பொருள். மஞ்சக்குப்பம் மைதானத்தில் நாங்கள் போய் இறங்கும்போதே பத்துப் பதினைந்து பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு எங்கள் புடவைக்குள் முகத்தைப் புதைத்தார்கள். அதையும் ஒருவர் போட்டோ எடுத்தார். அப்புறம்தான் பேனரைப் பார்த்தேன். மேலே வரிசையாகப் பிரமுகர்கள், நடுவில் காதில் போனை வைத்துக்கொண்டு எங்கோ பார்க்கும் தலைவர், மூலையில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. கீழே ஆள் உயர எழுத்தில்: ஆட்டிசத்தை ஒழிப்போம்!

எனக்கு உடனே விஷயம் விளங்கிவிட்டது. போன மழைக்கு டெங்கு ஒழிப்புப் பேரணி நடந்தது. பிளக்ஸ் கடைக்காரன் கம்ப்யூட்டரில் அந்தப் பேனர் இருந்திருக்கும். டெங்குவை எடுத்துவிட்டு ஆட்டிசத்தைப் போட்டிருப்பான். கொசுவை எடுத்த இடத்தில் குழந்தையை வைத்திருப்பான். தலைவர் தன் மூஞ்சி சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு சரி என்றிருப்பார். இதில் என்ன சிதம்பர ரகசியம் இருக்கிறது.

பரங்கிப்பேட்டைக்காரி என் காதில் கேட்டாள். "அக்கா, பேரணி முடிஞ்சதும் புகை மருந்து அடிப்பாங்களோ?"

சிரித்துவிட்டேன். சிரித்து முடிப்பதற்குள் பேனரின் இரண்டு முனைகளையும் எங்கள் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து நடக்கச் சொன்னார்கள். தன்னை ஒழிக்கச் சொல்லும் பேனரைத் தானே தூக்கிக்கொண்டு போகிற கொடுமையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். சாவி அவர் கையில் இருந்தது. நடந்தேன்.

மேடையில் அதே பேனரைப் பின்னால் கட்டியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் எங்கள் பிள்ளைகளைத் தெய்வக் குழந்தைகள் என்றார். தெய்வத்தை ஒழிப்போம் என்று பின்னால் எழுதி வைத்துவிட்டு இப்படிப் பேச ஒரு தனித் திறமை வேண்டும். பிறகு சரிகை குத்துகிற பொன்னாடைகளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். என் மகள் மேல் போர்த்தியதும் உதறி எறிந்தாள். விருந்தினர் சிரித்துக்கொண்டே எடுத்து மறுபடி போர்த்தினார். மறுபடி எறிந்தாள். அவர் கௌரவத்தை விட முடியாமல் மூன்றாவது முறையும் குனிந்தார். அப்போதுதான் அவள் திரும்பிப் பேனரைப் பார்த்து, பஸ்ஸில் வாசிக்கிற அதே குரலில் வாசித்தாள்.

"ஆட்டிசத்தை ஒழிப்போம்."

மேளமெல்லாம் அடங்கியிருந்த நேரம். மைதானம் முழுக்கக் கேட்டது. கைத்தட்டல் பிய்த்துக்கொண்டு போனது. "கொளந்தையே சொல்லிடுச்சு!" என்று தலைவர் குதித்து வந்து மைக்கைப் பிடித்தார். "ஆட்டிசத்தை..." என்று அவர் எடுத்துக் கொடுக்க, கூட்டம் "ஒளிப்போம்!" என்று கத்தியது.

"ஆட்டிசத்தை!"

"ஒளிப்போம்!"

என் மகளுக்குப் பொறுக்கவில்லை. தலைவர் பக்கத்தில் போய் நின்று, மைக்கிலேயே, "ள இல்ல, ழ. ஒழிப்போம்" என்றாள். நாக்கு சரியான இடத்தில் மடிந்தது. அவ்வளவு சுத்தமாக அவள் அதற்கு முன் சொன்னதே இல்லை. மறுபடி கைத்தட்டல். எனக்கு மேடையேறி அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, அவள் வாயைப் பொத்த வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் கீழே நின்றேன். ஊர் மட்டும் தனக்குத் தெரிந்தபடி ஒளிப்போம், ஒளிப்போம் என்று கத்திக்கொண்டிருந்தது. அதுவாவது உண்மை. பிள்ளைகளை ஒளித்து வைப்பதில் எங்கள் ஊருக்கு நல்ல பழக்கம் உண்டு. கல்யாணத்துக்குக் கூட்டிவர மாட்டார்கள், விருந்தாளி வந்தால் உள்ரூமில் போட்டுக் கதவைச் சாத்துவார்கள்.

கடைசியில் சாவி கொடுத்தார்கள். தெர்மாகோலில் செய்து ஜிகினா ஒட்டிய, என் மகள் உயரத்துக்கு ஒரு சாவி. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற போட்டோ மறுநாள் வாட்ஸ்அப்பில் சுற்றியது. நிஜச் சாவியை வாங்குவதற்குத் தலைவரின் ஜவுளிக்கடைக்கு நடையாய் நடந்தேன்.

அறை நல்ல அறைதான், பொய் சொல்லக் கூடாது. காற்று வரும், தண்ணீர் வரும், கேட்டைச் சாத்தினால் பிள்ளைகள் ரோட்டுக்கு ஓட முடியாது. ஆனால் விழா முடிந்த கையோடு அந்தப் பேனரைக் கொண்டுவந்து அறை வாசலுக்கு மேலே போர்டு மாதிரி இழுத்துக் கட்டிவிட்டார்கள். என் மகள் போர்டை முழுக்க வாசிக்காமல் எந்த வாசலிலும் நுழைய மாட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் பிரமுகர்கள் பெயர், பதவி, சங்கத்தின் பெயர் எல்லாம் வாசித்து, கடைசியில் அதையும் வாசித்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். பார்த்துப் பார்த்து மற்றப் பிள்ளைகளில் இரண்டு பேர் கூடச் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பிறகு அவள் வீட்டில் சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்கு ஒரு வாக்கியம் பிடித்துப்போனால் நாள் முழுக்க அதுதான். குளிக்கும்போது சொன்னாள், சாப்பிடும்போது சொன்னாள். ஒரு நாள் காலையில் பார்த்தால் பீரோ கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, சிதம்பரத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி வாயைத் திறந்து நாக்கைச் சரிபார்த்து, தன் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள். ஆட்டிசத்தை ஒழிப்போம். சரியாக வந்ததும் சந்தோஷமாகச் சிரித்தாள். நான் அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன்.

அந்த ஞாயிறு மற்றவர்களிடம் சொன்னேன். பேனரை எடுக்கச் சொல்லப் போகிறேன், எடுக்க மாட்டேன் என்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்றேன். சில பேர் தரையைப் பார்த்தார்கள். இதை விட்டால் எங்கே போவது என்பதுதான் அதற்கு அர்த்தம், எனக்கும் அது தெரியும். பரங்கிப்பேட்டைக்காரி மட்டும், "மூஞ்சில விட்டெறிஞ்சிட்டு வாக்கா. இன்ஷா அல்லா வேற எடம் கெடைக்கும். இல்லாட்டி பீச்சுல அவனுங்க சுண்டல் தின்னுகிட்டே பாக்கட்டும்" என்றாள். அவள் சொன்ன பிறகு மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள்.

மறுநாள் சாயங்காலம் கடைக்குப் போனேன். தலைவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். சாவியை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

"இன்னாம்மா, ரூம்ல எதாவது ரிப்பேரா?"

"பேனர்ல சார். அத எடுத்துடுங்க. இல்ல, சாவிய நீங்களே வச்சுக்குங்க."

அவருக்குச் சுருக்கென்றது. "அதுல இன்னாம்மா தப்பு? நல்லதுதான எளுதியிருக்கு. வியாதி ஒளியணும்னுதான சொல்றோம்."

கண்ணாடி முன்னால் நடந்ததைச் சொன்னேன். அத்தோடு நிற்கவில்லை. "என் பொண்ணுகிட்ட ஆட்டிசம் எது, அவ எதுன்னு பிரிச்சுக் காட்டுங்க சார். அவ போர்டு படிக்கிறதா? தண்ணிய பாத்து சிரிக்கிறதா? நீங்க காட்டுற பக்கத்த நானே ஒழிச்சுக் குடுக்கிறேன். கொசு மருந்துக் கணக்கா ஒரு வாசகத்த பிளக்ஸ்காரன் போட்டுக் குடுத்தா, படிச்சுப் பாக்கக்கூட உங்களுக்கு நேரமில்ல."

புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். தலைவர் எழுந்து, பின்னால் சரக்கு வைக்கிற அறைக்கு வரச் சொன்னார். கட்டுக் கட்டாக லுங்கிகளுக்கு நடுவில் நின்றோம். சாவியையும் கையோடு கொண்டுவந்து ஒரு பண்டல் மேல் வைத்தார். திட்டப் போகிறார் என்று நானும் தயாராகத்தான் இருந்தேன்.

"பிளக்ஸ்காரன் எளுதலம்மா" என்றார். "என் மருமவ சொன்னது."

எனக்கு விளங்கவில்லை.

"பேத்திக்கு ஆறு வயசு. உங்க பொண்ணு மாரிதான். அது போர்டாவது படிக்குது, இது ஒண்ணும் பேசாது. எங்க வீட்டு மாடியிலதான் இருக்கும். கேக்குறவங்க கிட்ட அது அம்மா வழி தாத்தா வீட்ல, வெளியூர்ல படிக்குதுன்னு சொல்லி வச்சிருக்கோம். மருமவளும் கீள எறங்குறதில்ல. விளா வைக்கப் போறோம்மா, இன்னா வாசகம் போடலாம்னு கேட்டேன். இததான் சொன்னா. எளுத்து பெருசா போடச் சொன்னா. மாடி ஜன்னல்லேர்ந்து பேரணி போறத பாத்தா."

அப்படியானால் மேடையில் அவர் எடுத்துக் கொடுத்து ஊரைக் கத்தவைத்த 'ஒளிப்போம்' உச்சரிப்புப் பிழை இல்லை. அவர்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. இந்த மனுஷன் ஊரைக் கூட்டி, செண்டை அடித்து, என் பிள்ளையை மேடையேற்றி, தன் பேத்தியை மாடியில் பூட்டி வைத்திருக்கிறார். அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது. ஆனால் அந்த வாசகத்தின் மேல் இருந்த கோபம் போய்விட்டது. நான் பிளக்ஸ் கடைக்காரனைத் திட்டினேன், கொசுவை வைத்துக் கிண்டல் செய்தேன். அது மாடியில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு தாயின் வார்த்தை. டீ போட்டுக் கொடுக்கவும் புகை மருந்து என்று காதில் சொல்லிச் சிரிக்கவைக்கவும் எனக்கு ஆள் இருந்தது. அவளுக்கு இல்லை. இல்லாமல் இருந்திருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

தலைவர் குரலை இறக்கிக் கேட்டார். "யாரும் இல்லாத நாளா பாத்து, பின்பக்கமா ஒரு தடவ கூட்டியாந்து ரூம காட்டட்டுமா?"

"ஞாயித்துக்கிழம எல்லாரும் இருக்கும்போது அனுப்புங்க" என்றேன். "ரெண்டு பேரையும். முன்வாசல் வழியா."

"ஜனங்க..."

"முன்வாசல் வழியா சார்."

அவர் சரிந்திருந்த ஒரு லுங்கிக் கட்டை எடுத்து நேராக அடுக்கினார். பிறகு, "நாளைக்கே ஆள விட்டு பேனர கயட்டிடறேன்" என்றார்.

"வேணாம். இருக்கட்டும். அது அவுங்க வார்த்த. உங்க மருமக வந்து, அவுங்களுக்கா தோணுற அன்னிக்கு அவுங்களே கழட்டட்டும்."

"அதுவரைக்கும் உங்க பொண்ணு தெனம் அத சொல்லிட்டிருக்குமேம்மா?"

"சொல்லட்டும் சார்" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டேன்.